பாதி அடைத்த விரிசல்

கருவிகளே குடிகளாக வாழ்ந்த நாடு ஒன்று முன்பு இருந்தது. அங்கே பசி என்று ஒன்று கிடையாது. துரு உண்டு.

வேலை செய்கிற கருவியைத் துரு நெருங்காது. உழைப்பே அதைத் துலக்கி வைத்திருக்கும். வேலை நின்று மூலையில் கிடக்கும்போதுதான் துரு மெல்ல வந்து பக்கத்தில் உட்காரும். ஆகவே அந்நாட்டு முன்னோர் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தனர். தலைநகரில் ஓர் அலுவலகம். அதன் உள்ளறையில் ஒரு பெரிய குடம். வேலையில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் திங்கட்கிழமைதோறும் ஒரு துளி எண்ணெயை அந்தக் குடத்துக்குத் தரவேண்டும். வேலை போய்விட்டால், மறுபடி வேலை கிடைக்கும்வரை வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கரண்டி எண்ணெய் பெற்றுக்கொள்ளலாம். இதற்குத் துருக்காப்பு என்று பெயர்.

அலுவலகத்தின் சாளரத்தில் முத்திரை அமர்ந்திருக்கும். உள்ளறையில் எண்ணெய் அளப்பது அளவுக்கரண்டி. தரையைப் பார்த்துக்கொள்வது துடைப்பம். வாசற்சுவரில் கரும்பலகை தொங்கும். எந்தத் தொழிலிலிருந்து எத்தனை கருவிகள் துருக்காப்புக் கேட்டு வந்தன என்று அது மாலைதோறும் தன்மேல் எழுதிக்கொள்ளும். எண் குறைந்த நாளில் அதன் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

ஐப்பசி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையன்று, சுவர் பூசுகிற கரணை ஒன்று அந்த அலுவலகத்தின் படியேறிற்று. பதினோர் ஆண்டுகள் உழைத்ததில் அதன் இலை தேய்ந்து, நுனி வட்டமாகியிருந்தது. அந்தப் பதினோர் ஆண்டுகளில் ஒரு திங்கட்கிழமையைக்கூட அது தவறவிட்டதில்லை. மழை பிடித்துக்கொண்டதால் இருபது நாளாக வேலை இல்லை. கழுத்தருகே கடுகளவில் ஒரு செம்புள்ளி தோன்றியிருந்தது.

கழுத்துத் துரு பொல்லாதது. இலையில் பிடித்தால் மணலில் தேய்த்துக்கொள்ளலாம். கழுத்து இற்றுவிட்டால் கரணை இரண்டாகிவிடும். கார்த்திகை முடியும்வரை மழை விடாது. அதற்குள் எண்ணெய் கிடைத்தாக வேண்டும்.

"தொழில்?" என்று கேட்டது முத்திரை.

"கட்டுமானம், ஐயா."

"வேலை கொடுத்தவர்?"

"எந்த நாள் வேலையைக் கேட்கிறீர்கள், ஐயா?"

"கடைசி நாள்."

"கடைசி நாள் ஒரு கழிவறைச் சுவர். காலையில் நாற்சந்தியில் நின்றுகொண்டிருந்தோம். ஒருவர் வந்து நீ, நீ, நீ என்று மூன்று பேரைக் கூப்பிட்டார். மாலையில் போகச் சொன்னார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரை அவர் கேட்கவில்லை."

"வேலை முடிந்தது என்று அவர் கொடுத்த தாள்?"

"சுவர் இருக்கிறது, ஐயா. தாள் இல்லை."

வரிசையின் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்புக் கேட்டது. முத்திரை சிரிக்கவில்லை. அது கடுமையான பிறவி அன்று. சரியானதைத் தவிர வேறொன்றையும் செய்து பழகாதது, அவ்வளவுதான்.

"தாள் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது" என்றது அது. "இன்று, நாளை, நாளை மறுநாள். இந்த மூன்று நாளும் எங்கள் கண்ணெதிரே, இந்தத் தாழ்வாரத்தில், எந்த வேலையும் செய்யாமல் இருக்கவேண்டும். உனக்கு வேலை இல்லை என்பதற்கு அதுவே சான்று. வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் கிடைக்கும்."

"சும்மா இருக்கவேண்டும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"இருபது நாளாக அதைத்தான் ஐயா செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கரணை தாழ்வாரத்தின் ஓரமாகப் போய்ச் சாய்ந்துகொண்டது.

சிரித்தது ஒரு தையல் ஊசி. பனியன் கம்பெனியில் வேலை பார்த்தது. கடல் கடந்து போகவேண்டிய சரக்குக்குத் தடை வந்ததால், அது ஒரே நாளில் நாற்பது தோழிகளுடன் வெளியே அனுப்பப்பட்டிருந்தது. நாற்பத்தொன்றுக்கும் சேர்த்துக் கம்பெனி ஒரே தாளில் முத்திரையிட்டுக் கொடுத்துவிட்டது.

"கோபித்துக்கொள்ளாதே, அண்ணா" என்றது ஊசி. "சுவர் இருக்கிறது, தாள் இல்லை என்றாயே, அதற்குத்தான் சிரித்தேன். எங்களுக்குத் தாள் இருக்கிறது. ஆனால் நாங்கள் தைத்த துணி எந்த ஊரில் எவர் உடம்பில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?"

"தெரிந்து என்ன ஆகப் போகிறது?" என்று குறுக்கிட்டது தோசைத் திருப்பி. அது நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. மேம்பாலம் கட்டியபின் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை, உணவகத்தை மூடிவிட்டார்கள். "என் பிழைப்பைப் பார். எண்ணெயிலேயே பிறந்து எண்ணெயிலேயே வளர்ந்தவன். இன்றைக்கு ஒரு கரண்டி எண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறேன்."

"உன் முதுகைச் சுரண்டினாலே ஒரு கரண்டி வரும்" என்றது ஊசி.

"சுரண்டிக்கொள், தாயே. ஊசி முனையால் சுரண்டுவதற்குள் தை பிறந்துவிடும்."

தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்த கவாத்துக் கத்தி மட்டும் சிரிக்கவில்லை. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கழித்துவிடுகிற கத்தி அது. வயதில் எல்லாவற்றிற்கும் மூத்தது.

"உங்களுக்கு என்ன ஆயிற்று, அக்கா?" என்று கேட்டது கரணை.

"தோட்டத்தை விற்றுவிட்டார்கள், தம்பி. வாங்கினவர் அங்கே தங்கும் விடுதி கட்டப் போகிறாராம். அறுபது அறை."

"அறுபது அறையா!" கரணையின் முகம் அதை அறியாமலே மலர்ந்தது. "எப்போது தொடங்குகிறார்கள், அக்கா? பூச்சு வேலைக்கு ஆள்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதற்குத் தான் கேட்பது என்னவென்று புரிந்துவிட்டது. மீதியை விழுங்கிக்கொண்டது.

கத்தி அதைச் சற்று நேரம் பார்த்தது. "தைக்குப் பிறகு தொடங்குவார்கள். போய்க் கேள், நல்ல வேலை. முதலில் செடிகளை வேரோடு எடுக்கவேண்டும். அதற்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள். எனக்குச் செடியைப் பிழைக்க வைக்கத்தான் தெரியும்."



மாலையில் கரும்பலகை தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தது: "பின்னலாடை, நாற்பத்தொன்று. தேயிலை, ஒன்று. உணவகம், ஒன்று. கட்டுமானம், ஒன்று; தாள் இன்மையால் காத்திருப்பில்." பிறகு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பின்னலாடை என் தோற்றத்தையே கெடுத்துவிட்டது" என்றது.

"நாங்களும் வேண்டுமென்று வரவில்லை, பலகையாரே" என்றது ஊசி.

எண்ணெய் நாளான வெள்ளிவரை எல்லாம் தாழ்வாரத்திலேயே தங்கின. செவ்வாய் கழிந்தது. புதனும் கழிந்தது. கரணை சும்மா இருந்தது. ஆனால் அதன் பார்வை சும்மா இருக்கவில்லை. தாழ்வாரத்தின் உட்சுவரில், சாளரத்தின் விளிம்பிலிருந்து கூரைவரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் குடம் இருந்த அறை. எப்போதோ பழுதுபார்க்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள் என்பதற்கு அடையாளமாக, மூலையில் வாய்திறந்த சிமெண்டு மூட்டை ஒன்றும், அதனருகே மணலோடு கலந்து கொட்டிய ஒரு குவியலும் கிடந்தன.

"அண்ணா, அந்த விரிசலை எத்தனை முறை பார்ப்பாய்?" என்று கேட்டது ஊசி.

"பார்ப்பது வேலையாகுமா?"

"நீ பார்க்கிற பார்வை வேலைதான்."

வியாழக்கிழமை மாலையில் துடைப்பம் தாழ்வாரத்தைக் கழுவ வந்தது. அன்று அதற்கு அவசரம். ஒரு வாளி நீரை அப்படியே கவிழ்த்துத் தள்ளிற்று. நீர் வளைந்து ஓடி, மூலையில் கிடந்த குவியலுக்குள் புகுந்து நின்றது. சாம்பல் நிறக் குழம்பு ஒன்று மெல்லப் பொங்கி அடங்கிற்று.

கரணை நிமிர்ந்தது. "துடைப்பம் அண்ணே, கலவை நனைந்துவிட்டது!"

"நனையட்டும். காய்ந்தபின் பெருக்கிக்கொள்கிறேன்."

"காய்ந்தபின் பெருக்க முடியாது. கல்லாகிவிடும். இன்னும் ஒரு மணி நேரம்தான்."

கொத்து வேலையில் எழுதாத கட்டுப்பாடு ஒன்று உண்டு. குழைந்த கலவையைக் கெட்டிப்பட விடக்கூடாது. உணவு நேரமானாலும், மழை தூறினாலும், குழைத்ததைச் சுவரில் சேர்த்த பிறகே கை கழுவவேண்டும். அதை வீணாக விட்ட கரணையை மறுநாள் நாற்சந்தியில் யாரும் தம்மோடு நிற்க விடமாட்டார்கள்.

"அண்ணா, கண்ணை மூடிக்கொள்" என்றது ஊசி.

"மூடினாலும் மணம் வருகிறதே."

"விடிந்தால் வெள்ளி. உன் கழுத்தை நினைத்துக்கொள்."

கரணை சுவரின் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. திரும்பிய பக்கத்தில் விரிசல் இருந்தது. மறுபக்கம் திரும்பிற்று. அங்கே கலவை இருந்தது. அதன் ஓரங்கள் அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. கரணை பற்களைக் கடித்துக்கொண்டு நூறு எண்ணிற்று. இருநூறு எண்ணிற்று. முந்நூற்றை எட்டுமுன் அது எழுந்துவிட்டது.

"பாவி" என்றது தோசைத் திருப்பி, மெதுவாக.

அங்கிருந்த அனைத்தும் பார்த்துக்கொண்டிருந்தன. கரணை கலவையை ஒரு புரட்டுப் புரட்டி, வேண்டியதை மட்டும் எடுத்து, கீழிருந்து மேலாக விரிசலுக்குள் அழுத்திற்று. அழுத்தியதை இழுத்தது. இழுத்ததை நுனியால் ஒரு வளைவு கொடுத்து முடித்தது. இருபது நாளாக அதன் முகத்தில் படிந்திருந்த மங்கல் போய், இலை பளபளத்தது. பாதி விரிசல் அடைபட்டிருந்தது.

"வேலை! வேலை செய்கிறது!" என்று கரும்பலகை கூவிற்று.

கரணை திடுக்கிட்டு நின்றது. அதன்பிறகு அது நகரவில்லை. எஞ்சிய கலவை எல்லார் கண்ணெதிரிலும் மூலையில் கிடந்து கல்லாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் முத்திரை சாளரத்தைத் திறந்ததும் முதலில் கரணையைத்தான் அழைத்தது.

"நேற்று வேலை செய்தாயா?"

கரணை வாய் திறப்பதற்குள் துடைப்பம் முன்னால் வந்து நின்றது. இரவு முழுவதும் அது உறங்கவில்லை. "அது என் செயல், ஐயா. நான்தான் நீரைக் கொட்டினேன். நான்தான் அந்தக் கலவையை வழித்துச் சுவரில் அப்பினேன்."

"ஆமாம், ஐயா, நாங்கள் பார்த்தோம்" என்று நாற்பத்தோர் ஊசிகளும் ஒரே குரலில் சொல்லின.

முத்திரை சாளரத்தின் வழியே எட்டிச் சுவரைப் பார்த்தது. பூச்சு வழுவழுவென்று, பழைய சுவரோடு சுவராய்ச் சேர்ந்திருந்தது. "இதைத் துடைப்பம் செய்தது என்று எழுதிக்கொள்ளலாமா?" என்று கரணையைக் கேட்டது.

ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். உள்ளறையில் அளவுக்கரண்டி எண்ணெயோடு ஆயத்தமாகக் காத்திருந்தது. ஊசி கண்ணால் கெஞ்சிற்று. கரணையும் அந்தச் சொல்லைச் சொல்லத்தான் வாய் திறந்தது.

"ஐயா, அந்த ஓரத்தைப் பாருங்கள்" என்றது அது. "அந்த வளைவைத் துடைப்பத்தால் கொண்டுவர முடியுமா?"

தோசைத் திருப்பி தலையில் அடித்துக்கொண்டது.

"அப்படியானால் நீ வேலை செய்திருக்கிறாய்" என்றது முத்திரை. "வேலை செய்த ஒருவருக்கு வேலை இல்லை என்று நான் சான்று தர முடியாது."

"வேலை செய்தேன் என்றால், எனக்கு வேலை கொடுத்தவர் யார், ஐயா?"

"யாரும் கொடுக்கவில்லை."

"சுவர் உங்களுடையது. அப்படியானால் கொடுத்தவர் நீங்கள்தாம். வேலை முடிந்தது என்று நீங்களே தாள் கொடுத்துவிடலாமே."

"நாங்கள் உன்னை வேலைக்கு அழைக்கவில்லை."

"வேலை கொடுத்தவரே இல்லை என்றால் நான் வேலையில் இருக்கவில்லை. வேலையில் இல்லாதவருக்குத்தானே, ஐயா, அந்தக் குடம்?"

முத்திரை விதிநூலை முன்னும் பின்னும் புரட்டிற்று. இறுதியில், "கேட்காமல் செய்த வேலையை எந்தப் பத்தியில் எழுதுவது என்று இதில் சொல்லப்படவில்லை" என்றது. அதன் குரலில் வருத்தம் இருந்தது. ஆயினும், தாளின்மேல் 'மறுக்கப்பட்டது' என்று பதிந்த எழுத்துகள் தெளிவாகவே இருந்தன.

ஊசிகளும் கத்தியும் திருப்பியும் தத்தம் எண்ணெயைப் பெற்றுக்கொண்டன. கரணை படியிறங்கும்போது பின்னாலிருந்து ஊசி ஓடிவந்தது.

"குனி, அண்ணா."

"எதற்கு?"

"குனி என்றால் குனி."

கரணை குனிந்தது. ஊசி தன் காதில் தங்கியிருந்த எண்ணெயைக் கரணையின் கழுத்துப் புள்ளிமேல் தொட்டு வைத்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். "இவ்வளவுதான் என்னால் முடியும்" என்றது.

"உனக்கு?"

"எனக்கு ஒரு விரல் நீள உடம்பு. நீ போ. எங்கே இருப்பாய்?"

"ஆற்றோரத்தில் கூரை போடாமல் நின்றுபோன கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான்."

அன்று மாலை கரும்பலகை தன் கடைசி வரியைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதிற்று. "கட்டுமானம், சுழியம்!" என்று தெருவெல்லாம் கேட்கும்படி படித்தது. வழியே போன கலப்பையும் மண்வெட்டியும் நின்று கேட்டு, கட்டடத் தொழில் நன்றாக நடக்கிறது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு போயின.

அன்று காற்றுத் திசைமாறி, தாழ்வாரத்தின் உட்சுவர்மேல் சாரலாய் அடிக்கத் தொடங்கிய மழை ஏழு நாள் விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் ஊசிதான் முதலில் நின்றது. அளவுக்கரண்டி உள்ளறையிலிருந்தே குரல் கொடுத்தது: "குடம் விளிம்புவரை நிறைந்திருக்கிறது! இப்படி நிறைந்து நான் பார்த்ததே இல்லை."

"குடம் நிறைவு" என்று கரும்பலகை மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டது.

கரண்டி ஆழ முகந்து கொண்டுவந்து ஊசியின்மேல் வார்த்தது. ஊசி சிலிர்த்தது.

"சில்லென்று இருக்கிறதே. வழுக்கவும் இல்லை."

"மழைக்காலத்து எண்ணெய் அப்படித்தான் இருக்கும்."

"அண்ணே, இது எண்ணெய் இல்லை. தண்ணீர்."

எல்லாம் உள்ளறைக்கு ஓடின. அடைபடாமல் நின்ற மேல்பாதி விரிசலின் வழியே மழைநீர் சொட்டுச்சொட்டாகக் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. நீர் கனமானது, விழுந்தது அடிக்குப் போயிற்று. எண்ணெய் இலேசானது, மேலே எழும்பி, விளிம்பைத் தாண்டி, தரையின் வடிகால் துளை வழியே ஏழு நாளாக வெளியேறிக்கொண்டிருந்தது. நாட்டின் எல்லாத் தொழில்களும் ஆண்டாண்டாகத் துளித்துளியாய்ச் சேர்த்தது அது. குடம் மட்டும் ஒவ்வொரு கணமும் நிறைந்தே இருந்தது.

மேலே இலைக்கனத்தில் ஒரு படலம் எஞ்சியிருந்தது. அளவுக்கரண்டி அதை வழித்தெடுத்தது. அரைக் கரண்டி தேறிற்று.

"முதலில் விரிசலை அடைக்கவேண்டும்" என்றது முத்திரை. "இல்லாவிட்டால் இனி வருகிற துளியும் போய்விடும். கட்டுமானத்தில் வேலையில்லாமல் இருப்பவர் யாரென்று பார்."

கரும்பலகை தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. அதன் குரல் முதல்முறையாகத் தாழ்ந்து வந்தது. "சுழியம், ஐயா."

"சுழியம் என்றால்?"

"யாரும் இல்லை, ஐயா."

"யாரும் இல்லையா!" என்றது ஊசி. "பலகையாரே, நீர் துடைத்தால் அந்த ஆளே இல்லாமல் போய்விடுமா? ஆற்றோரத்துக் கட்டடத்தில் கிடக்கிறது. இருக்கிறதோ, இற்றுவிட்டதோ."

முத்திரை அந்தச் சாளரத்தை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. அன்று இறங்கிற்று. மழையில் அதன் நீல மை கரைந்து தெருவில் கோடாக வழிந்தது. வழி காட்டிக்கொண்டு ஊசி முன்னால் போயிற்று.

கூரையில்லாத கட்டடத்தின் மூலையில் கரணை குப்புறக் கிடந்தது. இலை முழுவதும் செந்நிறமாகியிருந்தது. வட்டமான நுனியில் ஒரு துண்டு உதிர்ந்துபோயிருந்தது. கழுத்தில் மட்டும், ஊசி தொட்டு வைத்த இடத்தைச் சுற்றி, நகக்கண் அளவுக்கு இரும்பின் நிறம் மிஞ்சியிருந்தது.

"கரணை" என்று கூப்பிட்டது முத்திரை. "வேலை இருக்கிறது."

கரணை மெல்லத் திரும்பிப் பார்த்தது. "யார் கூப்பிடுகிறார்கள்? சரியாகக் கேட்டுக்கொள்ளவேண்டும், ஐயா. போனமுறை அதில்தான் தடுமாறினேன்."

"நான் கூப்பிடுகிறேன்."

"எந்தச் சுவர்?"

"நீ பாதியில் விட்டது."

கரணை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தபோது கழுத்தில் ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான்.

மூட்டையின் அடியில் நனையாத சிமெண்டு இரண்டு கையளவு கிடைத்தது. துடைப்பம் இம்முறை நீரைத் துளித்துளியாகத் தெளித்தது. கவாத்துக் கத்தி கெட்டிப்பட்ட ஓரங்களைச் செதுக்கிக் கொடுத்தது. ஆனால், அப்பிய கலவையை உடனுக்குடன் சாரல் கரைத்தது. மறைப்பாகப் பிடிக்க அகலமாக ஏதாவது வேண்டியிருந்தது. எல்லாக் கண்களும் கரும்பலகையின்மேல் விழுந்தன.

"நானா? என்மேல் எழுத்து இருக்கிறது!" என்றது கரும்பலகை.

"அதனால்தான் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டுத் தோசைத் திருப்பி அதை ஆணியிலிருந்து நெம்பி இறக்கிற்று.

திருப்பியும் துடைப்பமுமாய் அதை விரிசலுக்குமேல் சாய்த்துப் பிடித்தன. மழை பலகையின் முதுகில் விழுந்து, முகத்தில் வழிந்து, பின்னலாடையையும் தேயிலையையும் குடம் நிறைவையும் கழுவிக்கொண்டு போயிற்று. கட்டுமானத்தின் சுழியம் மட்டும் சற்று அழுத்தி எழுதப்பட்டிருந்தது. கடைசியில் அதுவும் கரைந்தது. பலகைக்கு அடியில், மழைபடாமல், கரணை மேல்பாதியை அடைத்து முடித்தது. பழைய பூச்சும் புதிய பூச்சும் சேர்ந்த இடத்தில் அது கொடுத்த வளைவு முன்போல் வழுவழுப்பாக வரவில்லை. துருவின் கீறல்கள் அதில் பதிந்திருந்தன. சொட்டு நின்றது.

அளவுக்கரண்டி அரைக் கரண்டி எண்ணெயை ஏந்திக்கொண்டு வரிசையைப் பார்த்தது. "யாருக்கு?" என்று கேட்டது.

தோசைத் திருப்பி ஒருகணம் அந்த எண்ணெயையே பார்த்தது. பிறகு, "என் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊசியம்மாளைக் கேளுங்கள்" என்றது. ஊசி கரணையைக் காட்டிற்று. மற்றவை வழிவிட்டன.

"விதிப்படி ஒரு தாள் வேண்டும்" என்றது முத்திரை.

"ஐயா!" என்று ஊசி பொறுக்கமாட்டாமல் கத்திற்று.

"பொறு, பெண்ணே." முத்திரை ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து விரித்தது. வேலை கொடுத்தவர் என்ற இடத்தில் தன்னையே அழுத்திப் பதித்துக்கொண்டது. வேலை முடிந்தது என்ற இடத்திலும் பதித்தது. மழையில் கரைந்தது போக எஞ்சிய மை அவ்விரண்டுக்குத்தான் போதுமாயிருந்தது.

"அந்த மூன்று நாள், ஐயா?" என்று கேட்டது கரணை.

"மூன்று நாள் கேட்டோம். நீ ஏழு நாள் காத்திருந்துவிட்டாய்."

அளவுக்கரண்டி எண்ணெயை முதலில் கழுத்தில் வார்த்தது.

மாலையில் கரும்பலகை மறுபடி தன் ஆணியில் ஏறிக்கொண்டது. ஈரம் காயாத உடம்பில் எழுத்துகள் சரியாகப் பதியவில்லை. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்து, கடைசி வரியில் நின்றது.

"ஐயா, கட்டுமானம் போன வாரம் சுழியம். இந்த வாரம் ஒன்று கூடிவிட்டதே. நாடு என்ன நினைக்கும்?"

"கூடவில்லை" என்றது முத்திரை. "போன வாரமும் இருந்ததுதான். இன்றுதான் எண்ணியிருக்கிறோம்."